பிறந்த வேலையை வைத்து ஒரு மதிப்புரை: பிரஷர் குக்கர் முதல் ஸ்டெதஸ்கோப் வரை

வீட்டுச் சாமான்களைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் பளபளப்பு, கைப்பிடி, உத்தரவாதக் காலம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. அவையும் தேவையான தகவல்கள்தாம். ஆனால் ஒரு பொருள் முதன்முதலில் எந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காக உருவானது என்று தெரிந்துகொண்டால், அதன் எந்த உறுப்பு உயிர்நாடி, எது வெறும் அலங்காரம் என்பது தானாகவே விளங்கிவிடும். நம் அடுக்களையிலும் முதலுதவிப் பெட்டியிலும் இருக்கும் பல பொருள்கள் இன்று செய்யும் வேலைக்காகப் பிறந்தவை அல்ல. துப்பாக்கிக் குழாய்க்கும் ரயில் விளக்குக்கும் திரவ வாயுவுக்கும் செய்யப்பட்டவை பிறகு வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் சில சாமான்களை அந்தப் பிறப்பின் அடிப்படையில் இங்கே மதிப்பிடுகிறேன். எந்த நிறுவனத்தின் தயாரிப்பை வாங்குபவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதால், கடைகளில் கிடைக்கும் வகைகளைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

முதலில் பிரஷர் குக்கர். சமையலும் மருத்துவமும் இதில் நெருங்கிக் கலந்திருப்பதைப் போல வேறு எந்தப் பாத்திரத்திலும் கலந்திருக்கவில்லை. இதன் மூல வடிவத்தை உருவாக்கிய டெனி பாப்பின் ஒரு பிரெஞ்சுக்காரர், மருத்துவம் படித்தவர். பாரிஸில் ஹைகன்ஸ், லண்டனில் ராபர்ட் பாயில் ஆகிய அறிவியலாளர்களிடம் வேலை செய்த அவர், 1679-இல் லண்டன் ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகத்தின் முன்னிலையில் தம் கலத்தை இயக்கிக் காட்டினார். மற்றவர்கள் தூக்கி எறியும் எலும்புகளிலிருந்து சத்தைப் பிரித்து எடுப்பதே அவருடைய நோக்கமாக இருந்தது. 1682 ஏப்ரலில் அந்தக் கலத்தில் சமைத்த இரவு உணவை உண்ட ஜான் ஈவ்லின், மிகக் கடினமான எலும்புகளும் பாலாடைக்கட்டியைப் போல மென்மையாகிவிட்டன என்று தம் நாட்குறிப்பில் வியந்து எழுதியிருக்கிறார்.

மூடிய கலத்தில் நீரைக் கொதிக்கவைத்தால் ஆவியின் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏற நீரின் கொதிநிலையும் உயரும். இதைக் கண்டுகொள்வது பெரிய காரியம் அல்ல. அந்த அழுத்தத்தைக் கலம் வெடிக்காமல் ஓர் அளவில் நிறுத்திவைப்பதுதான் கடினம். பாப்பின் ஒரு சிறு துளையை அடைத்து, அந்த அடைப்பின் மேல் நெம்புகோலில் தொங்கும் எடை ஒன்றை வைத்தார். அழுத்தம் எடையை மிஞ்சும்போது அடைப்பு மேலே எழும்பி, ஆவியை வெளியேற்றிவிட்டு மறுபடியும் உட்காரும். பின்னாளில் நீராவி இயந்திரங்கள் அனைத்துக்கும் காவலாக அமைந்த பாதுகாப்பு வால்வு இதுதான். என் பார்வையில் பாப்பினின் உண்மையான கண்டுபிடிப்பு அந்தக் கலத்தைவிட இந்த வால்வுதான். ஆகவே குக்கர் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான்: ஆவிக்குழாயின் துளை அகலமாக இருக்கிறதா, அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய முடியுமா, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறதா, வெயிட் எந்தப் பக்கமும் சிக்கிக்கொள்ளாமல் ஆடுகிறதா. அடிப்பகுதியின் கனமும் உலோகத்தின் வகையும் இவற்றுக்குப் பிறகே வரும்.

பாப்பினுக்கு ஏறக்குறைய 200 ஆண்டுகள் கழித்து, அதே கலம் மருத்துவமனைக்குள் வேறு பெயரில் நுழைந்தது. பாஸ்டரின் ஆய்வகத்தில் பணிபுரிந்த சார்ல் ஷாம்பர்லான் 1879-இல், அழுத்தமேற்றிய ஆவியால் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவை உருவாக்கினார். 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர் பெரும்பாலான நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடும் என்றாலும், சில பாக்டீரியாக்களின் வித்துகள் (தடித்த உறை கொண்ட உறக்கநிலை வடிவங்கள்) அதைத் தாங்கிப் பிழைத்துவிடுகின்றன. ஆவியின் அழுத்தத்தை வளிமண்டல அழுத்தத்தைப் போல இன்னொரு மடங்கு கூட்டினால் வெப்பநிலை சுமார் 121 டிகிரியை எட்டும். அந்த வெப்பத்தில் ஏறத்தாழ 15 நிமிடம் வைத்தால் வித்துகளும் அழிகின்றன. ஒரு சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு என்று குறிக்கப்பட்ட வீட்டுக் குக்கரும் இதே வெப்பநிலையைத்தான் எட்டுகிறது. எலும்பைக் கரைக்க ஒரு மருத்துவர் செய்த பாத்திரமே அறுவைக் கருவிகளைக் காக்கும் பெட்டியாக மாறியது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

ஆட்டோகிளேவ் இயக்குபவர்கள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஒரு விதி வீட்டுக்கும் அப்படியே பொருந்தும். உள்ளே காற்று எஞ்சியிருந்தால், அழுத்தமானி சரியான அளவைக் காட்டினாலும் வெப்பநிலை அந்த அளவுக்கு ஏறாது. ஏனெனில் மொத்த அழுத்தத்தில் ஒரு பங்கு காற்றினுடையது. அதனால்தான் காற்றை முழுவதுமாக வெளியேற்றிய பிறகே வெளிவழியை அடைக்கிறார்கள். வெயிட் போடும் வகைக் குக்கரிலும் ஆவிக்குழாயிலிருந்து ஆவி விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக, ஓசையோடு பீறிடத் தொடங்கிய பிறகே வெயிட்டைப் போட வேண்டும். மூடிய உடனே வெயிட்டையும் போட்டுவிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஒரே கொள்ளளவு, ஒரே நேரம் என்றிருந்தும் சில நாள் வேகாமல் போவதற்கு இது முக்கியமான காரணம். காற்றைத் தானாகவே வெளியேற்றிவிட்டு மூடிக்கொள்ளும் சுருள்வில் வால்வு வகை இந்த இடத்தில் ஒரு படி மேலானது; நான் அதையே பரிந்துரைக்கிறேன். மூடி உள்பக்கமாகப் பொருந்தும் அமைப்பிலும் ஒரு நன்மை உண்டு: உள்ளே அழுத்தம் இருக்கும்வரை அதுவே மூடியை விளிம்போடு அழுத்திப் பிடித்துக்கொள்வதால், அவசரத்தில் திறக்க முடியாது.

குறைகளும் உண்டு. கேஸ்கெட் காலப்போக்கில் இறுகிப்போய் ஓரங்களில் ஆவியைக் கசியவிடும். ரப்பரைவிட சிலிகான் நெடுநாள் உழைக்கிறது. மூடியிலுள்ள உருகு வகைப் பாதுகாப்பு வால்வு நீர் வற்றிச் சூடு மிஞ்சும்போது உருகித் திறந்துகொள்ளும்; ஒருமுறை உருகியதை அதே தயாரிப்பாளரின் உதிரிபாகத்தால் மட்டுமே மாற்ற வேண்டும். அந்தத் துளையை வேறு எதையாவது வைத்து அடைத்துப் பயன்படுத்துவது பாப்பினுக்கு முந்தைய காலத்துக்குத் திரும்புவதற்குச் சமம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: வெப்பநிலை ஒன்றே என்பதற்காக வீட்டுக் குக்கரை மருத்துவக் கருவிகளைத் தூய்மிக்க, அதாவது கிருமி அறவே இல்லாமல் ஆக்க, பயன்படுத்தலாகாது. காற்றை வெளியேற்றுவது, நேரக் கணக்கு, உலர்த்துவது, முடிவைச் சோதிப்பது ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் தூய்மிப்பு. குக்கரில் கிடைப்பது சூடு மட்டுமே.

ஆட்டோகிளேவில் தூய்மிக்கப்படும் பொருள்களுள் ஒன்றும் அடுக்களையிலிருந்து போனதுதான். 1881-இல் ராபர்ட் கோக்கின் பெர்லின் ஆய்வகத்தில் வேலை செய்துகொண்டிருந்த வால்ட்டர் ஹெஸ்ஸே, தாம் பாக்டீரியாக்களை வளர்த்த ஜெலட்டின் வெயிலில் உருகிப்போவதால் அவதிப்பட்டார். அவருடைய மனைவி ஃபானி ஹெஸ்ஸே தாம் பழக்கூழ் உறைவதற்குச் சேர்க்கும் அகர் அகரைப் பரிந்துரைத்தார். ஜாவாவில் வாழ்ந்திருந்த ஒருவரிடமிருந்து அவர் அதைக் கற்றிருந்தார். அகர் சுமார் 85 டிகிரிக்கு மேல்தான் உருகும். எனவே உடல் வெப்பநிலையான 37 டிகிரியில் கிருமிகளை வளர்த்தாலும் கெட்டியாகவே இருக்கும். 1882-இல் கோக் வெளியிட்ட கட்டுரையில் அகர் குறிப்பிடப்பட்டது. அந்தப் பெண்ணின் பெயர் குறிப்பிடப்படவில்லை. உலகின் நுண்ணுயிரியல் ஆய்வகங்கள் எல்லாவற்றிலும் இன்று அன்றாடம் கரைத்து ஊற்றப்படும் ஒரு பொருளுக்கு அவருடைய பெயர் ஒட்டாமல் போனதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்தது எவர்சில்வர். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய்கள் உட்புறம் தேய்ந்துபோவதைத் தடுக்கும் எஃகைத் தேடிக்கொண்டிருந்தார். 1913 ஆகஸ்ட்டில் அவர் வார்த்த எஃகில் 12.8 விழுக்காடு குரோமியம் இருந்தது. ஆய்வுக்காக அமிலத்தில் இட்டபோது அது அரிக்கப்படவில்லை; வினிகருக்கும் எலுமிச்சைச் சாற்றுக்கும் அசைந்துகொடுக்கவில்லை. துப்பாக்கியைவிட மேசைக் கத்திக்கு இது பொருந்தும் என்று அவர் வாதாடினார். கத்தி செய்பவர்களோ பழைய முறையில் பதப்படுத்திப் பார்த்துவிட்டு, வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கேலி செய்தார்கள். புதிய எஃகுக்குப் புதிய பதம் தேவை என்பது பிறகே அவர்களுக்குப் பிடிபட்டது.

இந்தப் பிறப்பிலிருந்து வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: எவர்சில்வரின் திறமை அரிப்பைத் தாங்குவதில் இருக்கிறது, கூர்மையில் இல்லை. மேற்பரப்பில் குரோமியமும் ஆக்சிஜனும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றன. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டவுடன் படலம் மறுபடியும் மூடிக்கொள்ளும். பாத்திரங்களுக்குப் பயன்படும் 18/8 வகையில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கின்றன. கத்திக்கு வேறு வகை வேண்டும். அதில் கரிமம் கூடுதலாக இருந்தால்தான் விளிம்பு கடினமாகும். அந்தக் கூடுதல் கரிமத்தின் விலையாகத் துருவைத் தாங்கும் ஆற்றல் சற்றுக் குறையும். ஈரத்தோடு இரவெல்லாம் கிடந்த கத்தியில் மட்டும் பழுப்புப் புள்ளிகள் தோன்றுவதும், பக்கத்திலேயே கிடந்த கரண்டி அப்படியே இருப்பதும் இதனால்தான். இதற்காகக் கத்தியைப் போலி என்று கருத வேண்டியதில்லை; துடைத்து வைத்தால் போதும். பாத்திரத்தின் அடியில் குத்துக்குத்தாக வெண்புள்ளிகள் விழுவதற்கு வேறு காரணம் உண்டு: குளிர்ந்த நீரில் போட்ட உப்புக் கரையாமல் அடியில் தங்கி, அங்கே அந்தப் படலத்தைத் துளைத்துவிடுகிறது. நீர் கொதித்த பிறகு உப்பிட்டால் இது நேராது.

‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்று அச்சிட்டு விற்கப்படும் பாத்திரங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது ஒரே ஓர் உலோகத்தின் பெயர் அல்ல. அறுவைக் கத்திக்கு ஒரு வகை, உடலுக்குள் பொருத்தும் பொருளுக்கு இன்னொரு வகை என மருத்துவத்திலேயே பல எஃகுகள் பயன்படுகின்றன. அந்தச் சொல்லை நம்பி வாங்குவதைவிட 304, 316, 420 போன்ற வகை எண் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது மேல். அறுவைக் கத்தியின் வரலாறும் இந்த எஃகைப் போலவே முறைமாற்றத்தின் வரலாறுதான். பழைய அறுவைக் கருவிகளுக்குத் தந்தத்திலும் கருங்காலியிலும் செதுக்கிய அழகான கைப்பிடிகள் இருந்தன. அறுவை மருத்துவர் லிஸ்டர் 1867-இல் கிருமிநீக்க முறையை வெளியிட்டதையும், அதன் பிறகு ஆவியால் தூய்மிக்கும் வழக்கம் பரவியதையும் தொடர்ந்து, செதுக்கல்களின் இடுக்குகள் கிருமிகளின் குடியிருப்பு என்று புரிந்தது. முழுக்க உலோகத்தாலான, வழவழப்பான கருவிகள் வந்தன. வீட்டுக் கத்தியிலும் கைப்பிடியும் அலகும் சேரும் இடத்தில் இடுக்கு இல்லாததையே நான் தேர்ந்தெடுக்கிறேன்.

கண்ணாடிப் பாத்திரத்தையும் பிளாஸ்க்கையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வெப்பத்தால் அதிகம் விரிவடையாத போரோசிலிகேட் கண்ணாடியை ஜெர்மனியின் ஜீனாவில் ஓட்டோ ஷாட் உருவாக்கினார். அமெரிக்காவில் கார்னிங் நிறுவனம், சூடேறியிருக்கும்போது மழை பட்டு உடையும் ரயில் விளக்குகளுக்காக அவ்வகைக் கண்ணாடியைத் தயாரித்தது. அந்நிறுவனத்தின் ஆய்வாளரான ஜெஸ்ஸி லிட்டில்டனின் மனைவி பெஸ்ஸி, 1913-இல் அறுத்தெடுத்த மின்கலச் சாடி ஒன்றின் அடிப்பகுதியில் கேக் சுட்டுப் பார்த்த பிறகே அது அடுக்களைக்கு வந்தது. ஆனால் இன்று அடுப்புக்கென விற்கப்படும் கண்ணாடி எல்லாம் போரோசிலிகேட் அல்ல. சாதாரணக் கண்ணாடியைப் பதப்படுத்தி விற்பதும் உண்டு. அது கீழே விழுவதை ஓரளவு தாங்கும், திடீர் வெப்ப மாற்றத்தை அந்த அளவுக்குத் தாங்காது. உறையில் ‘போரோசிலிகேட்’ என்ற சொல் இருந்தால் மட்டும் வாங்குங்கள். பிளாஸ்க்கின் கதையில் ஜேம்ஸ் டீவர் 1892-இல் திரவமாக்கிய வாயுக்கள் ஆவியாகிவிடாமல் காப்பதற்காக இரட்டைச் சுவர்க் குடுவையைச் செய்தார்; சூடான பானம் அவர் எண்ணத்தில் இல்லை. இரு சுவர்களுக்கும் இடையிலுள்ள வெற்றிடம் தன் வேலையை நன்றாகவே செய்கிறது. சூடு பெரும்பாலும் தப்பிப்போகும் வழி மூடிதான். எனவே குறுகிய வாயும் தடித்த மூடியும் உள்ள பிளாஸ்க்கே சிறந்தது. உயிரணுக்களை மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் காக்கும் மருத்துவக் கலன்களும் இதே டீவரின் குடுவைகள்தாம்.

நான்ஸ்டிக் வாணலியின் பூச்சை 1938 ஏப்ரலில் ராய் பிளங்கெட் தேடாமலே கண்டார். குளிர்பதன வாயுவுக்கான ஆய்வின்போது உருளையிலிருந்து வாயு வராததால் அதை அறுத்துப் பார்க்க, உள்ளே வெண்ணிறத் தூள் இருந்தது. இன்று செயற்கை இரத்தக் குழாய்களும் அதே பொருளில் செய்யப்படுகின்றன. எதோடும் ஒட்டாத இயல்பு உண்மையானது. ஆனால் சுமார் 260 டிகிரிக்கு மேல் அது சிதையத் தொடங்கும் என்பதால் வெறும் வாணலியைப் பெருந்தீயில் வைக்கக் கூடாது. இந்தப் பட்டியலில் நான் குறைந்த மதிப்பெண் தருவது இதற்குத்தான், ஏனெனில் பூச்சு எப்படியும் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடுகிறது.

இடுக்கி வாங்குவதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழிகாட்டி பண்டைய இந்திய மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதை. அதில் 101 யந்திரங்கள் (வெட்டாத அறுவைக் கருவிகள்) சொல்லப்படுகின்றன. குறுக்காகப் பிணைந்த இடுக்கி வகைகளுக்கு விலங்குகளின் முகங்களையும் பறவைகளின் அலகுகளையும் வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். அவற்றுள் நாரையின் அலகைப் போன்ற கங்கமுகமே சிறந்தது என்று கூறி, அதற்குக் காரணமும் தருகிறது: எளிதாக உள்ளே நுழைகிறது, எளிதாக வெளியே வருகிறது, பிடித்ததை உறுதியாகப் பிடிக்கிறது. கடையில் இடுக்கியைக் கையில் எடுக்கும்போது இந்த மூன்றையும் சோதித்தால் போதும். நுனிகள் ஒன்றோடொன்று நேராகப் பொருந்தாமல் விலகி நிற்கும் இடுக்கி இந்த மூன்றில் ஒன்றையும் செய்யாது.

மருந்துப் பெட்டிக்கு வருவோம். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயில் கிடைத்த மருத்துவக் கருவிகளுள், ஒரு முனையில் சிறு கரண்டியும் மறுமுனையில் உருண்ட நுனியும் கொண்ட மெல்லிய கோல்கள் உண்டு; களிம்பை அள்ளவும் கலக்கவும் அவை பயன்பட்டன. அதாவது கரண்டி நெடுங்காலம் மருத்துவருடைய கருவியாகவும் இருந்திருக்கிறது. ஆனால் இன்று வீட்டுத் தேக்கரண்டியால் மருந்தை அளப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு தேக்கரண்டி என்றால் 5 மில்லிலிட்டர் என்று கணக்கு இருந்தாலும், கடைக் கரண்டிகள் அந்தக் கணக்குக்குச் செய்யப்படுவதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2015-இல் திரவ மருந்துகளை மில்லிலிட்டரில் மட்டுமே அளக்க வேண்டும் என்று கூறியது. மில்லிலிட்டர் கோடுகள் போட்ட, ஊசியில்லாத வாய்வழி சிரிஞ்சு வாங்கிவையுங்கள். குழந்தையின் கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாக விடவும் அது வசதியானது. கோடுகள் அழிந்துவிடாமல் பொறிக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

காய்ச்சல்மானியைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தவர் ஆங்கிலேய மருத்துவர் கிளிஃபர்ட் ஆல்பட். அதற்கு முன்பு ஏறக்குறைய ஓரடி நீளமும், அளவு காட்ட 20 நிமிடமும் வேண்டியிருந்தன. 1860-களின் நடுவில் அவர் செய்தது 6 அங்குல நீளமும் 5 நிமிடமுமாகச் சுருங்கியது. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 2013-இல் ஏற்கப்பட்ட மினமாட்டா என்னும் பன்னாட்டு உடன்படிக்கை 2020-ஐ எல்லையாக வைத்ததால் பாதரச வகை விடைபெற்றுவருகிறது. டிஜிட்டல் வகையில் 10 விநாடியில் விடை சொல்பவை, சூடேறும் வேகத்தைப் பார்த்து இறுதி அளவைக் கணித்துச் சொல்கின்றன; ஒரு நிமிடம் எடுப்பவை உண்மையாகவே அளக்கின்றன. வேகம் தேவைப்படாத வீட்டுக்குப் பின்னதே ஏற்றது.

கடைசியாக ஸ்டெதஸ்கோப். இதன் வேர் ஒரு விடுதியில் இருக்கிறது என்று சொல்லலாம். ஆஸ்திரியாவின் கிராட்ஸில் விடுதி நடத்தியவரின் மகன் லியோபோல்ட் அவுன்புருக்கர், விரல்களால் மார்பைத் தட்டி உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று அறியும் முறையை 1761-இல் வெளியிட்டார். பீப்பாயைத் தட்டி உள்ளிருக்கும் அளவை அறிவது அந்தத் தொழிலில் பழகிய வித்தை. அவருடைய நூலை 1808-இல் பிரெஞ்சில் மொழிபெயர்த்த கோர்விசாரின் மாணவர்தான் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கிய ரெனே லனெக். 1816-இல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் இதய நோய்க் குறிகளோடு வந்த ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்பது முறையாகாது என்று தயங்கிய லனெக்குக்கு, மரக்கட்டையின் ஒரு முனையில் குண்டூசியால் கீறும் ஓசை மறுமுனையில் தெளிவாகக் கேட்கும் என்பது நினைவுக்கு வந்தது. காகிதத் தாள்களை இறுகச் சுருட்டி ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். நேரடியாகக் காதை வைத்துக் கேட்டதைவிட இதயத் துடிப்பு தெளிவாகக் கேட்டது. பிறகு கடைசல் பொறியில் தாமே கடைந்து மர உருளைகளைச் செய்து, மூன்றாண்டு உழைப்பின் முடிவுகளை 1819-இல் நூலாக வெளியிட்டார். நுரையீரல் நோய்களின் ஓசைகளைப் பிரித்தறியக் கற்றுத்தந்த அவரே 1826-இல் காசநோயால் 45 வயதில் இறந்தார். இரண்டு காதுகளாலும் கேட்கும் வடிவம் 1850-களின் தொடக்கத்தில் வந்தது.

லனெக்கின் காகிதச் சுருளில் காற்று கசியாமல் இறுகச் சுருட்டியதே பாதி வெற்றி என்பது என் எண்ணம். இன்றைய கருவியிலும் ஓசை கசியும் இடங்கள்தாம் அதன் தரத்தைத் தீர்மானிக்கின்றன. காதில் பொருந்தும் முனைகள் மென்மையாக, காதுத் துளையை முழுதாக அடைப்பவையாக இருக்க வேண்டும். அணியும்போது அவை முன்னோக்கி, மூக்கின் திசையில் சாய்ந்திருக்க வேண்டும். திருப்பி மாட்டிக்கொண்டால் எவ்வளவு உயர்ந்த கருவியிலும் ஓசை மங்கிவிடும். மார்பில் வைக்கும் தலைப்பகுதியில் தட்டையான சவ்வுப் பக்கம் உச்ச ஓசைகளுக்கும், கிண்ணம் போன்ற பக்கம் தாழ்ந்த ஓசைகளுக்கும் உரியவை. கிண்ணத்தை அழுத்தினால் அடியிலுள்ள தோலே சவ்வாக இறுகித் தாழ்ந்த ஓசைகள் மறைந்துவிடும் என்பதால் அதை இலேசாக வைக்க வேண்டும். குழாய் தடித்ததாக, மிக நீளமில்லாததாக இருப்பது நல்லது. கழுத்தின் வியர்வையும் எண்ணெயும் பட்டுப்பட்டுக் குழாய் விறைத்து வெடிப்பதே நான் கண்ட பெரிய குறை. சட்டைக் காலரின் மேல் போட்டுக்கொண்டால் அது தள்ளிப்போகும்.

வீட்டுக்கு இது தேவையா என்றால், தானாக அளக்கும் இரத்த அழுத்தமானி வைத்திருப்பவர்களுக்குத் தேவையில்லை. 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் விவரித்த ஓசைகளைக் கேட்டு, கையால் காற்றடிக்கும் கருவியில் அளக்கக் கற்றவர்களுக்கும் மருத்துவ, செவிலிய மாணவர்களுக்கும் நடுத்தர விலையில், இருபக்கத் தலையும் மாற்றக்கூடிய காது முனைகளும் கொண்ட ஒன்று போதுமானது. முனைகளுக்கும் சவ்வுக்கும் உதிரிபாகம் தனியாகக் கிடைக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.